ராயப்பர் நாற்காலியும் அம்மாவோட நேர்ச்சையும்

கடை நிமிர்ந்துட்டா முதல் வருஷ லாபத்துல பத்துல ஒரு பங்கை ரோம்ல ராயப்பர் (புனித பேதுரு) காலடியில போடுறேன்னு அம்மா நேர்ந்துக்கிட்டது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. 2024 நவம்பர்லதான் மாதா கிருபையால எல்லாம் கூடி வந்துச்சு. தூத்துக்குடிக்காரங்க ரோம் போனா முதல்ல நம்ம ஊர் மாதா பேர்லயே அங்க இருக்கிற பனிமய மாதா பசிலிக்காதானே, அங்க அம்மா அழுத அழுகைய தனியாத்தான் எழுதணும்.

ராயப்பர் கோயில்ல செக்கிங் லைன் மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல, அம்மாவுக்கு வேற முட்டி வலி, ஒருத்தன் லைன் இல்லாம உள்ள விடுறேன்னு பின்னாடியே வர்றான், இன்னொருத்தன் கேக்காமலே கையில கயிற கட்டிட்டு காசு குடுங்கிறான், நம்ம ஊர் தேர்த் திருவிழால கூட இவ்வளவு தொல்லை கிடையாதுப்பா.

ஆனா உள்ள போனா பலிபீடத்துக்கு முன்னாடி ராயப்பரோட மர நாற்காலி! எப்பவும் பெர்னினிங்கிற சிற்பி செஞ்ச வெண்கலக் கூட்டுக்குள்ளதான் இருக்கும், 1867க்கு அப்புறம் அந்த வருஷம்தான் ஜனங்க பார்க்க வெளிய வச்சிருந்தாங்க, டிசம்பர் 8 வரைக்கும். நாங்க தெரிஞ்சு போகவே இல்ல. அம்மாவுக்கு பேச்சே வரல. கொஞ்ச நேரம் கழிச்சு கண்ணாடிய தொடச்சுட்டு, "ஏல, முன்னாடி தந்தத்துல குட்டி குட்டியா செதுக்கியிருக்கே, எந்தப் புனிதருல?"ன்னாங்க. கூட வந்த ஃபாதர் சிரிச்சுட்டார். "புனிதர் இல்லம்மா, ஹெர்குலிஸ். பழைய கிரேக்கக் கதையில வர்ற பலசாலி. அவன் செஞ்ச 12 சாகசம்." 875ல சார்லஸ்னு ஒரு ராஜா போப்புக்குக் கொடுத்த நாற்காலியாம். எனக்கு ஹெர்குலிஸ்னா அப்பா கருவாட்டு மூட்டைய கட்டி மிதிச்ச சைக்கிள்தான். அவரு இருந்து இதப் பார்த்திருக்கணும்.

காணிக்கைய போட்டாச்சு. மறுநாள் ஃபாதர் டைபர் ஆத்தோரம் காஸ்மெதின் மாதா கோயிலுக்கு கூட்டிட்டுப் போனார். வெளிய கல்லு முகத்தோட வாய்க்குள்ள கைய விட்டு போட்டோ எடுக்க அவ்வளவு பெரிய லைன், சாமி கும்பிட உள்ள ஆளே இல்ல! எதிர்ல வட்டமா ஒரு ஹெர்குலிஸ் கோயில், கி.மு. 2ம் நூற்றாண்டு, பின்னாடி சர்ச்சா மாத்துனதால தப்பிச்சு நிக்குது.

அந்த இடமே முன்ன மாட்டுச் சந்தையாம். காக்கஸ்னு ஒரு திருடன் ஹெர்குலிஸ் மாடுகள வாலைப் புடிச்சு பின்னாலயே இழுத்துட்டுப் போய் குகையில ஒளிச்சானாம், தடம் திரும்பித் தெரியணும்னு. அவனக் கொன்னதுக்குத்தான் இங்க பெரிய பலிபீடம். காஸ்மெதின் மாதா கோயில் நிலவறையில இருக்கிற கல்லு அந்தப் பீடத்தோடதுதான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்களாம். ரோம் வியாபாரிங்க லாபத்துல பத்துல ஒண்ணு ஹெர்குலிஸுக்கு நேர்ந்து இங்க கொடுப்பாங்கன்னு ஃபாதர் சொன்னதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு புல்லரிச்சுப் போச்சு. பொம்பளைங்க மட்டும் அந்தப் பூசைக்கு வரவே கூடாதாம்.

"நாம வரலாம்லா?"ன்னு கேட்டுட்டு அம்மா ஒவ்வொரு படியா இறங்கினாங்க. சின்னச் சின்னத் தூணு, சுவர்ல மாடம், ஒரே ஈர வாசனை. அந்தக் கல்லுல உள்ளங்கைய வச்சு முழு ஜெபமாலையும் சொல்லி முடிச்சாங்க, முட்டி வலின்னு ஒரு வார்த்தை இல்ல. மாதாவே, உமக்கு கோடி நன்றி, என் தாய இதுவரைக்கும் நடக்க வச்சீரே!

மேல ஏறி வந்ததும் கேட்டாங்க, "அப்பா சைக்கிள் மொட்டை மாடியிலதான கிடக்கு? ஊருக்குப் போனதும் இறக்கித் தொடச்சு வைல."