ரேம் இப்ப, விண்டோஸ் 11 மார்ச்சுல

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் சப்போர்ட்ட நிப்பாட்டினது 2025 அக்டோபர் 14. அதுக்குப் பொறகு எங்க வீட்டு கம்பியூட்டர்ல அடிக்கடி ஸ்கிரீன முழுசா மறைச்சிக்கிட்டு ஒரு நோட்டீஸ் வருது, 11க்கு மாறுங்க மாறுங்கன்னு, தம்பி அத பாத்துட்டு "அண்ணே இத போட்டா கேம் இழுக்காம ஓடுமா"ன்னு கேப்பான், நான் ஓடாதுன்னா நம்ப மாட்டான், யாரோ ஒரு யூடியூப்காரர் ஓடும்னு சொல்லியிருக்காராம். அண்ணன் சொல்றத விட யூடியூப்புக்குத்தான் மதிப்பு, எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான் போல.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் எனக்குத் தெரிஞ்ச பொடியங்ககிட்ட இருக்கிற கேமிங் கம்பியூட்டர் பாதிக்கு மேல ஒரே வகைதான். கொழும்புல ஏதோ ஒரு ஒபிஸ்ல பாவிச்சு கழிச்ச மெஷின், அதுக்கு மேல ஒரு கிராபிக் கார்ட் ஏத்தினது. எங்களோடதும் அதான். இன்டெல் ஐ5 8400 ப்ரோசஸர், எச்310 மதர்போர்ட், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, ரேம் 8 ஜிபி ஒரே ஒரு ஸ்டிக். கொரோனா நேரத்துல வாங்கினது, அதுக்கு அடுத்த வருஷம்தான் டொலர் 200 ரூபால இருந்து 360 வரைக்கும் ஏறிச்சு, அப்ப வாங்காம விட்டிருந்தா தம்பி இன்னைக்கும் போன்லதான் வெளாடிக்கிட்டு இருப்பான்.

இதுல ரெண்டு கேள்வி இருக்கு, ஆனா எல்லாரும் ஒண்ணாக்கிக் கதைக்கிறாங்க. விண்டோஸ் 11 போடுறதா இல்லையாங்கிறது ஒண்ணு, அது பாதுகாப்புச் சம்பந்தப்பட்டது, அதுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கு. ரேம் கூட்டுறதா இல்லையாங்கிறது மத்தது, கேம் இழுக்கிறதுக்குக் காரணம் அதுதான், அதுக்குத் தேதி கெடையாது, வெலைதான் இருக்கு. விண்டோஸ் 11 போட்டா கேம் ஸ்பீடாகும்னு நெனைக்கிறவங்க 8 ஜிபி ரேமோட போட்டுப் பாக்கட்டும். 11க்கு ஆகக் குறைஞ்சது 4 ஜிபி போதும்னு மைக்ரோசொஃப்ட் எழுதித்தான் வச்சிருக்கு, ஆனா 8 ஜிபி மெஷின்ல ஒண்ணுமே தொறக்காம டாஸ்க் மேனேஜர பாத்தீங்கன்னா பாதிக்குக் கிட்ட அதுவே எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கும். மிச்சத்துல டிஸ்கோர்ட், குரோம், அதுக்கு மேல கேம். எங்க போகும்?

போற எடம் ஃபைலெல்லாம் சேமிக்கிற எஸ்எஸ்டி. ரேம் நெறைஞ்சா விண்டோஸ் அங்க இருக்கிற பேஜ் ஃபைல்ங்கிற ஒரு ஃபைல்ல கொண்டுபோய் கொட்டும், திரும்பத் தேவைப்பட்டா அங்க இருந்து அள்ளும், அந்த அள்ளுற நேரத்துலதான் கேம் ஒரு நொடி அப்பிடியே நின்னுட்டு ஓடும். எங்க கார்ட்லயும் 4 ஜிபிதானே, டெக்ஸ்சர கொஞ்சம் கூட்டினா அது பத்தாம கார்டும் ரேம்லதான் வந்து கைய வைக்கும். பெரிய கேம்காரங்க நெறைய பேர் இப்ப 8 ஜிபிய கணக்குலயே எடுக்கிறதில்ல. சைபர்பங்க் 2077க்கு ஆகக் குறைஞ்சது 12 ஜிபி, எல்டன் ரிங்குக்கும் 12, பெட்டில்ஃபீல்ட் 6க்கு 16. தம்பி வெளாடுறதுல வெலோரன்ட் மட்டும்தான் 4 ஜிபிலயும் ஓடும்னு போட்டிருக்காங்க, ஆனா தம்பி வெலோரன்ட் மட்டுமா வெளாடுறான்.

அளவு ஒரு பக்கம்னா ஒத்த ஸ்டிக்கா இருக்கிறது இன்னொரு பக்கம், இத நெறைய பேர் பாக்கிறதே இல்ல. ஐ5 8400 ரெண்டு சானல்ல ரேமோட கதைக்கும். எங்க ரேம் டிடிஆர்4ங்கிற வகை, 2666ங்கிறது அதோட வேகம், அதுல ஒரு சானல்ல செக்கன்டுக்கு சுமார் 21 ஜிபி போகும், ரெண்டுன்னா சுமார் 42. ஒரு ஸ்டிக் மட்டும் போட்டா அடுத்த சானல் சும்மா கெடக்கும். கொழுந்து நிறுக்கிற எடத்துல ரெண்டு தராசு இருந்தும் ஒண்ண மட்டும் வச்சு நிறுத்தா எப்பிடி, சாக்கு நெறைய கொழுந்தோட எல்லாரும் மழைல லைன்ல நிக்கிற மாதிரி ப்ரோசஸர் நிக்கும். அதனால 16 ஜிபி ஒத்த ஸ்டிக்க விட 8ம் 8ம் நல்லது. உங்க மெஷின்ல என்ன இருக்குன்னு பாக்க கழட்டணும்னே இல்ல, டாஸ்க் மேனேஜர்ல பெர்போமன்ஸ், அதுல மெமரி, அங்க எத்தன ஸ்லொட்ல எத்தன பாவிச்சிருக்குன்னு போட்டிருக்கும். ஸ்டிக்கோட மொடல் நம்பர் வேணும்னா சிபியூ-ஸெட்ங்கிற சொஃப்ட்வேர் போட்டா காட்டும்.

இப்ப வெலை. 2025 கடைசியில ரேம் வெலை ஏறின ஏத்தம் தெரியும்தானே. உலகத்துல இந்த மெமரி சிப் செய்யிற பெரிய ஆளுங்க மூணே பேர்தான், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன். மூணு பேரும் ஏஐ டேட்டா சென்டருக்குப் போற மெமரி பக்கம் திரும்பிட்டாங்க, பழைய டிடிஆர்4ஐ குறைச்சிக்கிட்டே வந்தாங்க, டிசம்பர்ல மைக்ரோன் தன்னோட க்ரூஷல் பிராண்ட கடையில விக்கிற வேலையவே விடப் போறோம்னு சொல்லிட்டு. நம்மள மாதிரி ஆளுங்க வாங்கினதே அந்த க்ரூஷல்தான். 16 ஜிபி புது செட்டுக்கு ஒன்லைன்ல வெலை பாத்தேன். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போறாங்க, 2024ல 1350 ரூபா ஆக்கினாங்களே அந்த நாட்சம்பளம், 2026ல 1750 ஆகும்னு பட்ஜெட்ல சொன்னாங்க, ரெண்டாலயும் பிரிச்சுப் பாத்தேன், பாத்துட்டு அந்த டேப்ப மூடிட்டேன்.

அதனால புது செட் இல்ல, இருக்கிற ஸ்டிக்குக்கு ஜோடியா பாவிச்ச 8 ஜிபி ஒண்ணு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போற யோசனை இருந்திச்சு, 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து ரோட்டு, ரயில் பாதை எல்லாம் மண்ணுக்குள்ள போனதுக்குப் பொறகு யாருக்கு ரேம் நெனப்பு வரும், கரண்ட் வந்ததே பெரிய விஷயம், எத்தனையோ பேருக்கு வீடே இல்லாம போச்சு. ரோடு சரியானதும் கண்டியில வேல செய்யிற மச்சான் ஒருத்தன்கிட்ட சொல்லி அங்கயே ஒரு கடையில எடுத்தாச்சு.

பாவிச்சது வாங்குறவங்க கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. கடைக்காரர் 3200 ஸ்டிக்க காட்டி இது வேகம் கூடனது, இத எடுங்கன்னு சொல்வாரு. எடுக்கலாம், ஆனா அதுக்குன்னு ஒரு ரூபா கூட குடுக்காதீங்க, எச்310 போர்ட்ல ஐ5 8400 வச்சா அது 2666லதான் ஓடும். கம்பனி வேறயா இருந்தாலும் முக்கால்வாசி நேரம் பிரச்சினை வராது, ரெண்டுல மெதுவானது எதுவோ அந்த வேகத்துக்கு ரெண்டும் இறங்கும். 1.2 வோல்ட் ஸ்டிக்கான்னு பாருங்க. டிடிஆர்5க்கும் டிடிஆர்4க்கும் 288 பின்தான், ஆனா நடுவுல வெட்டு இருக்கிற எடம் வேற, உள்ள போகாட்டி அமுக்காதீங்க. கொண்டுவந்த அன்னைக்கே ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவ்ல போட்டு ராத்திரி பூரா ஓட விடுங்க, ஒரு எரர் வந்தாலும் திருப்பிக் குடுத்துருங்க, "அது ஒண்ணு ரெண்டு வரும் தம்பி, பிரச்சினை இல்ல"ன்னு சொன்னா கேக்க வேணாம்.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்கே உள்ளது. கொழும்புக்காரங்க ஏசி போட்டு குளிராக்குற கம்பியூட்டர் நம்மகிட்ட தானா குளிருது, அதுல நமக்கு லாபம். ஆனா அந்த ஈரம் இருக்கே, ஜூன் ஜூலையில சொவரே தண்ணி விடும், கம்பியூட்டர கொஞ்ச நாள் போடாம வச்சா ஸ்கிரீன் வராது, ஃபேன் மட்டும் சுத்தும். ரேம கழட்டி அந்த தங்கக் கலர் பக்கத்த அழிறப்பரால மெதுவா தேய்ச்சு, தூள தட்டிட்டு திருப்பிப் போட்டா வந்துரும். இத தெரியாம கடைக்குக் கொண்டுபோய் போர்ட் போச்சுன்னு சல்லி கட்டினவங்கள எனக்குத் தெரியும். புது ஸ்டிக் போடுறப்ப பழையதையும் இப்பிடித் துடைச்சிட்டே போடுங்க.

போட்டாச்சு. சராசரி எஃப்பிஎஸ், அதாவது செக்கன்டுக்கு எத்தன படம் காட்டுதுங்கிறது, கொஞ்சம்தான் கூடிச்சு, ஆனா அந்த நின்னு நின்னு ஓடுறது போயிருச்சு, குரோம தொறந்து வச்சிக்கிட்டே வெளாடுறான், யூடியூப்காரர் பேச்சையும் இப்ப எடுக்கிறதில்ல.

இனி விண்டோஸ். எங்க மெஷின் 11க்கு சரிவரும், எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் இன்டெல்ல ஏத்துக்கிறாங்க, ஐ5 8400 மயிரிழையில தப்பிச்சுது. பக்கத்து டிவிஷன்ல இருக்கிற என் கூட்டாளிகிட்ட ஐ5 7400, அவன்து ஏழாவது, லிஸ்ட்ல இல்ல. சொக்கட் ஒண்ணுதானே மச்சான், 8400 ஒண்ணு வாங்கி மாட்டவான்னு கேட்டான். ஏலாது, ரெண்டும் 1151தான், ஆனா எட்டாவதுக்கு 300 சீரிஸ் போர்ட் வேணும். அவனுக்கு இப்போதைக்கு ஈஎஸ்யூதான் வழி.

ஈஎஸ்யூன்னா விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் குடுக்கிற திட்டம். புது வசதி ஒண்ணும் வராது. 30 டொலர்னு ஒரு கதை பரவி எல்லாரும் பயந்துட்டாங்க, மைக்ரோசொஃப்ட் அக்கவுன்ட்ல சைன்இன் பண்ணி செட்டிங்ஸ சிங்க் பண்ண விட்டா காசில்லாமலே கெடைக்கும். 22எச்2 வேர்ஷன்ல இருக்கணும், விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்ற பட்டன் வரும். நாங்களும் சேந்துட்டோம், அது ஒரு பத்திரத்துக்கு.

லினக்ஸ் யோசிக்கலயான்னு கேப்பீங்க. யோசிச்சேன், ஸ்டீம்ல விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட்டுற ப்ரோட்டன் வந்த பொறகு முக்கால்வாசி கேம் ஓடுது. ஆனா வெலோரன்ட் ஓடாது, கள்ளத்தனமா வெளாடுறவங்கள புடிக்கிற அதோட வேன்கார்ட் லினக்ஸ்ல கெடையாது. அந்த ஒரு வார்த்தையோட தம்பி எந்திரிச்சுப் போயிட்டான்.

அப்ப அக்டோபர் வரைக்கும் இழுக்கலாமேன்னுதான் மொதல்ல நெனைச்சேன். கலண்டர பாத்தப்பதான் வேற மாதிரி தோணிச்சு. நமக்கு அக்டோபர், நவம்பர்னா பின்னேரம் இடி மின்னல், கரண்ட் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. ஏப்ரல்லயும் அதே இடி. மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் ஹட்டன் பக்கம் மழையும் காத்தும், மரம் விழுந்து லைன் அறும். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறையில ஒரு கொரங்கு கிரிட்டுக்குள்ள பாஞ்சு நாடு பூரா கரண்ட் போச்சு, அத எந்தக் கலண்டராலயும் சொல்ல ஏலாது, அத விடுங்க. மிச்சப்படி வானம் காஞ்சு இருக்கிறது பெப்ரவரி, மார்ச்தான்.

கரண்ட் ஏன் இவ்வளவு முக்கியம்னா, விண்டோஸ் போடுறப்ப நடுவுல போனா அது அநேகமா பழைய நெலைக்குத் திரும்பிரும். மதர்போர்ட்டோட அடிப்படை சொஃப்ட்வேரான பயோஸ அப்டேட் பண்றப்ப நடுவுல போனா போர்டே போயிரலாம். எங்க மெஷின் பழைய லெகசி முறையில பூட் ஆகுது, டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய அமைப்பு. விண்டோஸ் 11க்கு யூஈஎஃப்ஐங்கிற புது பூட் முறை, செக்யூர் பூட், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி எல்லாம் வேணும். டிபிஎம்முக்கு தனியா ஒரு சிப் வாங்கச் சொன்னாங்க டவுன்ல ஒரு கடையில, தேவையே இல்ல, இன்டெல் பயோஸ்ல பிடிடின்னு ஒண்ணு இருக்கும், அத ஒன் பண்ணினா போதும். டிஸ்க்க ஜிபிடிங்கிற புது அமைப்புக்கு மாத்த விண்டோஸ்லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் இருக்கு, ஃபோர்மட் பண்ணாமலே மாத்தும், மாத்தி முடிஞ்ச பொறகுதான் பயோஸ்ல லெகசிய ஓஃப் பண்ணணும், முந்திப் பண்ணினா பூட் ஆகாது. அதே கடையில சி டிரைவ் டி டிரைவ் பாக்காம எல்லாத்தையும் ஃபோர்மட் பண்ணித்தான் போடுவோம்னாங்க. தம்பியோட ஏ/எல் நோட்ஸ் பூரா டி டிரைவ்லதான், அதனால அவங்க கையில குடுக்கிறதா இல்ல, நானே போடுறேன். நோட்ஸ் எல்லாம் முன்னாடியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போயிரும். விண்டோஸ் 11 ஃபைல் 5 ஜிபிக்கு மேல, அத நடுச்சாமம் 12 மணிக்குப் பொறகு வர்ற இரவு டேட்டாலதான் எறக்கணும்.

ரேமையும் விண்டோஸையும் ஒரே நாள்ல மாத்தாம விட்டதுக்கும் காரணம் இருக்கு. நீலத் திரை வந்தா எதுல பிழைன்னு கண்டுபுடிக்க ஏலாது. இப்ப புது ஸ்டிக் விண்டோஸ் 10லயே பிரச்சினை இல்லாம ஓடுது, மார்ச்சுல ஏதாவது வந்தா அது ரேமால இல்லன்னு தெரியும். 11 புடிக்கலன்னா 10 நாளைக்குள்ள செட்டிங்ஸ்லயே திரும்பி வரலாம், அதுக்குப் பொறகு பழைய விண்டோஸ் ஃபைல அதுவே அழிச்சிரும்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடிவாகல. 11ல மெமரி இன்டெக்ரிட்டின்னு ஒரு பாதுகாப்பு இருக்கு, அது ஒன்ல இருந்தா கேம் கொஞ்சம் வேகம் குறையலாம்னு மைக்ரோசொஃப்ட்டே சொல்லி, எப்பிடி ஓஃப் பண்றதுன்னும் எழுதியிருக்கு. பாதுகாப்புக்காகத்தான் 11க்கே போறோம், போயிட்டு அத ஓஃப் பண்றது எனக்கு சரியாப் படல. தம்பி இப்பவே ஓஃப் பண்ணச் சொல்றான். ஒன்ல ஒருக்கா ஓஃப்ல ஒருக்கா ஓட விட்டு அளந்து பாத்துட்டு அப்பறம் சண்ட புடிக்கலாம்னு இருக்கோம்.