கிட் கடவுச்சொல் உங்கள் கணினியில் எங்கே இருக்கிறது?

நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களிடம், உங்கள் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேவையகம் தரும் நுழைவுக்குறி) உங்கள் கணினியில் எந்தக் கோப்பில், எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டால், பலரால் உடனே விடை சொல்ல முடிவதில்லை. ஒவ்வொரு முறை புஷ் செய்யும்போதும், அதாவது மாற்றங்களைச் சேவையகத்துக்கு அனுப்பும்போதும், கட்டளை முனையம் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது; இணையத்தில் தேடினால், நுழைவு விவரங்களைச் சேமித்துத் தரும் உதவி நிரலைக் குறிப்பிடும் கிரெடென்ஷியல் ஹெல்பர் என்ற அமைப்புக்கு 'ஸ்டோர்' என்ற மதிப்பைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரே வரியில் தீர்வு கிடைக்கிறது; அந்த வரியை ஒட்டியதும் தொல்லை நின்றுவிடுகிறது. அது கணினியில் என்ன செய்துவைக்கிறது என்பதைப் பரிந்துரைப்பவர்களில் மிகச் சிலரே விளக்குகிறார்கள். இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

'ஸ்டோர்' உதவி நிரல் உங்கள் ஹோம் அடைவில் கிட்-கிரெடென்ஷியல்ஸ் என்ற மறைவுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு சேவையகத்துக்கும் ஒரு வரியாக, இணைய முகவரிக்குள்ளேயே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து எழுதிவிடுகிறது. மறைகுறியாக்கம் எதுவும் கிடையாது. கோப்பின் உரிமையாளர் மட்டுமே படிக்கலாம் என்ற அனுமதி ஒன்றுதான் காவல். கிட்டின் சொந்த ஆவணமே இந்த எச்சரிக்கையை முதல் பத்தியில் வைத்திருக்கிறது. உரிமையாளர் என்ற சொல் இங்கே உங்களை மட்டும் குறிப்பதில்லை. உங்கள் பெயரில் ஓடும் எல்லா நிரல்களையும் குறிக்கிறது. என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொதித்தளத்திலிருந்து நீங்கள் நிறுவும் ஒரு பொதியின் நிறுவல் நிரலோ, எடிட்டரில் சேர்க்கும் ஒரு நீட்சியோ அந்தக் கோப்பைத் திறக்க எந்தத் தடையும் இல்லை. ஹோம் அடைவை அப்படியே காப்புநகல் எடுத்தால், கடவுச்சொல்லும் அந்த நகலோடு சேர்ந்து வேறொரு வட்டுக்கோ மேகச் சேமிப்புக்கோ போய்விடுகிறது. கல்லூரி ஆய்வகத்தில் பலரும் ஒரே பயனர் கணக்கில் நுழையும் கணினி என்றால், அடுத்து வந்து அமர்பவருக்கு உங்கள் களஞ்சியங்கள் (கிட் காக்கும் நிரல் தொகுப்புகள்) அனைத்தும் திறந்தே கிடக்கும்.

இது கிட்டோடு தோன்றிய சிக்கல் அன்று. கிட்டுக்கு முன்பு இதே வேலையைச் செய்த சிவிஎஸ் மென்பொருளின் காலத்தில் சிவிஎஸ்பாஸ் என்ற கோப்பில் கடவுச்சொல்லின் எழுத்துகளை வெறுமனே மாற்றிப்போட்டு வைத்தார்கள். அதைத் திருப்பிப் படிப்பது எவருக்கும் எளிது. அதற்குப் பின் வந்த சப்வெர்ஷன், யூனிக்ஸ் கணினிகளில் பல ஆண்டுகள் வெற்று எழுத்தாகவே சேமித்துவந்தது. 2009இல் வந்த 1.6 பதிப்பில்தான் அப்படிச் சேமிக்கட்டுமா என்று பயனரிடம் கேட்கத் தொடங்கியது. 2019இல் வந்த 1.12 பதிப்பில், நிரலைத் தொகுக்கும்போதே அந்த வசதி இயல்பாக விலக்கப்பட்டது. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் பட்டறிந்து கைவிட்ட ஒரு வழக்கத்தை, கிட்டில் ஒற்றை வரியால் நாமே திரும்ப வரவழைத்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கிட்டின் அமைப்பு அதைவிட நன்றாகவே சிந்திக்கப்பட்டது. 2012 ஜனவரியில் வெளியான 1.7.9 பதிப்பில், கிட் உருவாக்குநர்களில் ஒருவரான ஜெஃப் கிங் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, கடவுச்சொல்லைச் சேமிக்கும் பொறுப்பைக் கிட் தானே ஏற்பதில்லை. வெளியே உள்ள ஓர் உதவி நிரலிடம் விட்டுவிடுகிறது. நெறிமுறை என்ன, சேவையகம் எது என்பதை வரிக்கு ஒன்றாக எழுதி அனுப்பினால், உதவி நிரல் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அதே வடிவில் திருப்பித் தருகிறது. நுழைவு வெற்றி பெற்றால் சேமிக்கும்படியும், சேவையகம் மறுத்துவிட்டால் அழிக்கும்படியும் கிட் அதற்குச் சொல்கிறது. காலாவதியான டோக்கன் ஒருமுறை மறுக்கப்பட்டதும் கிட் மீண்டும் புதிதாகக் கேட்பது இதனால்தான். கிட்டோடு வரும் 'கேஷ்' என்ற உதவி நிரல், வட்டில் எதையும் எழுதாமல் நினைவகத்தில் மட்டும் 15 நிமிடங்கள் வைத்திருந்து மறந்துவிடும். அந்த நேரத்தை நாம் கூட்டிக்கொள்ளலாம். சொந்தமில்லாத கணினியில் வேலை செய்தே ஆகவேண்டிய நிலையில் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

சொந்தக் கணினி என்றால் கடவுச்சொற்களை மறைகுறியாக்கிக் காக்கும், இயங்குதளத்தின் சாவிப்பெட்டகமே சரியான இடம். விண்டோஸுக்கான கிட்டை நிறுவும்போதே கிட் கிரெடென்ஷியல் மேனேஜர் உடன் வருகிறது. மேக்கில் அதன் பெட்டகமான கீசெயினோடு பேசும் உதவி நிரல் தயாராகவே இருக்கிறது. லினக்ஸில்தான் கொஞ்சம் உழைக்கவேண்டும். ஃபெடோராவில், லினக்ஸ் பெட்டகத்தோடு பேசும் லிப்சீக்ரட் உதவி நிரல் தனிப் பொதியாகக் கிடைக்கிறது. உபுண்டுவிலோ நீண்ட காலமாக அதன் மூலநிரல் மட்டும் கிட்டின் ஆவண அடைவுக்குள் இருந்துவந்தது, லிப்சீக்ரட்டின் மேம்பாட்டுப் பொதியை நிறுவி, அந்த அடைவில் மேக் கட்டளையை இயக்கி, நாமே தொகுத்துக்கொள்ளவேண்டியிருந்தது. ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. இந்தச் சிறு தடையே பலரையும் 'ஸ்டோர்' பக்கம் தள்ளிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

சாவிப்பெட்டகம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். வட்டு திருடு போனாலோ காப்புநகல் கசிந்தாலோ அது காக்கும். ஆனால் லினக்ஸ் மேசைத்தளத்தில் நீங்கள் நுழைந்து பெட்டகம் திறந்திருக்கும் வேளையில், உங்கள் பெயரில் ஓடும் வேறொரு நிரல் பெட்டகத்திடம் கேட்டுப் பெறுவதைப் பொதுவாக அது தடுப்பதில்லை. ஆகவே பெட்டகத்துக்குள் என்ன வைக்கிறோம் என்பதும் எங்கே வைக்கிறோம் என்பதற்கு இணையாக முக்கியம். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்ஹப் தளம், 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் செயல்பாடுகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அன்று பலரும் முணுமுணுத்தார்கள் என்றாலும் அது நல்ல முடிவு: கடவுச்சொல் கணக்கு முழுவதையும் திறந்துவிடும், டோக்கனையோ ஒரு களஞ்சியத்துக்கு, ஒரு வகை அனுமதிக்கு, குறிப்பிட்ட நாள்வரை என்று குறுக்கிக்கொள்ளலாம். 2022 அக்டோபரில் அறிமுகமான நுண்பிரிவு டோக்கன்கள் இதற்காகவே வந்தவை. எல்லா அனுமதிப் பெட்டிகளிலும் குறியிட்டு, காலாவதி இல்லை என்று தேர்ந்தெடுத்து வாங்கும் டோக்கன், பெயரில் மட்டுமே கடவுச்சொல்லிலிருந்து வேறுபட்டது.

உதவி நிரல்களோடு கிட் பேசும் வரிவரியான மொழியிலும் ஓட்டைகள் வெளிப்பட்டிருக்கின்றன. 2020 ஏப்ரலில், கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான பிராஜெக்ட் ஜீரோவின் ஃபெலிக்ஸ் வில்ஹெல்ம் கண்டறிந்த, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2020-5260 என்ற எண் பெற்ற குறை அவற்றில் ஒன்று. முகவரிக்குள் குறியீடாக ஒரு வரிமுறிவை நுழைத்துவிட்டால், உதவி நிரல் அதை இன்னொரு சேவையகத்தின் பெயராகப் படித்து, அந்தச் சேவையகத்துக்குரிய கடவுச்சொல்லை எடுத்துத் தாக்குபவரின் சேவையகத்துக்குக் கொடுத்துவிடும். 2025 ஜனவரியில் ரியோட்டாகே என்ற ஆய்வாளர் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு குறைகளை வெளிக்கொணர்ந்தார். இம்முறை வரிமுறிவின் இடத்தில் கேரேஜ் ரிட்டர்ன் குறி இருந்தது, ஏனெனில் சில நிரல்மொழிச் சூழல்கள் அதையும் வரி முடிவாகவே கொள்கின்றன. அதற்கான திருத்தம் 2.48.1 பதிப்பிலும், அதே நாளில் வெளியான பழைய வரிசைகளின் திருத்தங்களிலும் உள்ளது. அறிமுகமில்லாத களஞ்சியத்தைத் துணைக்களஞ்சியங்களோடு சேர்த்து குளோன் செய்பவர்கள் (தம் கணினிக்கு நகலெடுப்பவர்கள்) கிட்டைப் புதுப்பித்து வைத்திருக்கவேண்டியதன் தேவை இதில்தான் இருக்கிறது.

'ஸ்டோர்' முறையைவிடவும் மோசமான ஒன்று உண்டு. களஞ்சியத்தின் ரிமோட் முகவரியிலேயே (அது சேவையகத்தில் இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரி) டோக்கனைச் சேர்த்து எழுதிவிடுவதுதான் அது. அப்போது டோக்கன் அந்தக் களஞ்சியத்தின் மறைவுக் கிட் அடைவுக்குள் இருக்கும் கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் பதிந்துவிடுகிறது. ரிமோட்டுகளைப் பட்டியலிடும் கட்டளையைத் திரைப்பகிர்வின் நடுவே இயக்கினால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கட்டளை வரலாற்றிலும் தங்கிவிடுகிறது. அந்த அடைவை அப்படியே இணையச் சேவையகத்துக்கு ஏற்றிவிட்டால் உலகமே படிக்கலாம். 2024 அக்டோபரில் சிஸ்டிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எமரால்ட்வேல் என்று பெயரிட்டு வெளியிட்ட தாக்குதல், இணையத்தில் இவ்வாறு திறந்து கிடந்த கிட் கான்ஃபிக் கோப்புகளைத் தேடித் திரட்டியே 15,000க்கும் மேற்பட்ட மேகச் சேவை நுழைவு விவரங்களைத் திருடியது. உங்கள் சேவையகத்தில் கிட் அடைவு வெளியிலிருந்து திறக்கிறதா என்பதை உலாவியில் முகவரியைத் தட்டியே சோதித்துவிடலாம், இன்றே செய்யுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைஇணைப்பு முறையின் சாவியைப் பயன்படுத்தினால் இந்தச் சேமிப்புச் சிக்கலில் பெரும்பகுதி விலகிவிடுகிறது, ஏனெனில் தனிச்சாவி ஒருபோதும் சேவையகத்துக்குப் போவதில்லை. அதைக் கொண்டு இடப்பட்ட கையொப்பம் மட்டுமே போகிறது. என் விருப்பம் இதுவே. ஆனால் சாவியைப் பூட்டும் கடவுத்தொடர் வைக்காமல் சாவியை உருவாக்கினால், அதுவும் வட்டில் கிடக்கும் வெற்று எழுத்துதான். கடவுத்தொடரை வைத்து, சாவியை நினைவகத்தில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் ஏஜெண்டிடம் ஒருமுறை கொடுத்துவிட்டால் அன்றைய நாளுக்குப் போதும். ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி உருவாக்கி, கிட்ஹப்பில் கணினியின் பெயரையே தலைப்பாக இடுங்கள். மடிக்கணினி தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிடலாம். சேவையகத்தின் அடையாளச் சாவி மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால், உங்கள் கணினியில் பதிந்திருக்கும் பழைய சாவியின் வரியை உடனே அழித்துவிட்டு மேலே போகவேண்டாம். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ வகை அடையாளச் சாவியை உண்மையிலேயே மாற்றியது, அதன் தனிச்சாவி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதால். அன்றும்கூடச் சரியான வழி, கிட்ஹப் வெளியிட்ட கைரேகையோடு (சாவியின் சுருக்கக் குறி) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏற்பதுதான்.

அலுவலகக் கணக்கும் சொந்தக் கணக்கும் ஒரே சேவையகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உதவி நிரல் இயல்பாகச் சேவையகத்தின் பெயரை மட்டுமே பார்க்கிறது, களஞ்சியத்தின் பாதையைப் பார்ப்பதில்லை. அதனால் தவறான கணக்கின் டோக்கன் போய் அனுமதி மறுக்கப்படும். ரிமோட் முகவரியில் பயனர்பெயரை மட்டும் சேர்த்தால் போதும், கிட் இரண்டையும் பிரித்தறியும். பாதையையும் கணக்கில் கொள்ளச் செய்யும் யூஸ்-எச்டிடிபி-பாத் என்ற அமைப்பும் உண்டு, ஆனால் அதை இயக்கினால் ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் தனித்தனியே நுழைவு விவரம் கேட்கும்.

'ஸ்டோர்' முறையிலிருந்து வெளியேற முடிவெடுத்தவர்கள் அமைப்பை மாற்றுவதோடு நின்றுவிடக் கூடாது; உதவி நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கப்படுவதால், பழைய அமைப்பும் உடன் இருந்தால் இரண்டிலுமே கடவுச்சொல் சேமிக்கப்படும். கான்ஃபிக்கில் உள்ள எல்லா உதவி நிரல்களையும், அவை எந்தக் கோப்பிலிருந்து வருகின்றன என்பதையும் பட்டியலிட்டுப் பார்த்து, பழைய வரியை நீக்குங்கள். பிறகு அந்த வெற்றெழுத்துக் கோப்பைத் திறந்து, அதில் இருக்கும் ஒவ்வொரு டோக்கனையும் அந்தந்தச் சேவையின் தளத்தில் ரத்து செய்துவிட்டு, அதன்பின் கோப்பை அழியுங்கள். வரிசை முக்கியம்: முதலில் கோப்பை அழித்துவிட்டால் எவற்றை ரத்து செய்வது என்ற பட்டியல் கையில் இருக்காது, காப்புநகல்களில் இருக்கும் பிரதியோ தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்.