இன்டென்ட் யாருடைய சொத்து?

சென்னையில் கார், லாரி பாகங்களுக்கு சி மொழியில் கோடு எழுதும் டீம் எதிலாவது வேலை பார்த்திருந்தால் இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கிளையன்ட் தரப்பிலிருந்து ஓப்பன் சோர்ஸ் ஆடிட் என்று ஒரு எக்செல் ஷீட் வரும், பயன்படுத்துகிற டூல் ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் என்னவென்று நிரப்ப வேண்டும், சி கோடை ஒழுங்காக அடுக்கித் தரும் குனு இன்டென்ட் என்ற டூலுக்கு எதிரே ஜிபிஎல் (தன்னிலிருந்து உருவாகும் மென்பொருளும் அதே லைசென்ஸில்தான் பகிரப்பட வேண்டும் என்று கேட்கும் லைசென்ஸ்) என்று போட்டதும் யாராவது பதறிப்போய், "சார், அதை வச்சுத்தானே நம்ம கோடு மொத்தத்தையும் ஃபார்மேட் பண்றோம், அப்போ நம்ம கோடும் ஜிபிஎல் ஆயிடுமா?" என்பார்கள்.

ஆகாது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பிலேயே இது தெளிவாக எழுதியிருக்கிறது. நிரலை ஓட்டுவதற்கு லைசென்ஸ் எந்தத் தடையும் போடவில்லை. அது தரும் அவுட்புட்டில் அந்த நிரலின் பகுதியே கலந்து வந்தால்தான் லைசென்ஸ் அதன்மேல் பாயும். இன்டென்ட் செய்வதெல்லாம் இடைவெளியைச் சரி செய்வது, வரியை உடைப்பது, அடைப்புக்குறியை மேலேயோ கீழேயோ தள்ளுவது, இவ்வளவுதான். தன்னுடைய கோடு ஒரு வரியைக்கூட உங்கள் ஃபைலுக்குள் நுழைப்பதில்லை. பைசன் என்ற இன்னொரு குனு டூலின் கதை வேறு. அது உருவாக்கித் தரும் பார்சருக்குள் (உள்ளீட்டை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் நிரல்) அதன் சொந்த கோடே வந்து உட்காரும், அதனால்தான் அதற்குத் தனி விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, இதோடு ஷீட்டை மூடிவிடலாம். பெரும்பாலும் மூடியும் விடுகிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த ஜிபிஎல் என்ற ஒற்றைச் சொல் பதில்தான், ஏனென்றால் அது பாதிக் கதை.

குனு இன்டென்ட்டின் பழைய வெளியீடு ஒன்றை இறக்கி, முதன்மையான சி ஃபைலைத் திறந்து மேலே உள்ள கமென்ட்டைப் படித்துப் பாருங்கள். குனுவின் பின்னால் இருக்கும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இருக்கும், பிற்காலத்தில் பராமரித்தவர்கள் பெயர் இருக்கும், அவற்றோடு மூன்று பழைய காப்புரிமை (காப்பிரைட்) அறிவிப்புகளும் இருக்கும்: 1976, இல்லினாய் பல்கலைக்கழக அறங்காவலர் குழு; 1980, கலிபோர்னியா பல்கலைக்கழகம்; 1985, சன் மைக்ரோசிஸ்டம்ஸ். குனு திட்டம் 1983-ல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஏழு வருடம் முன்பே இந்த டூல் பிறந்துவிட்டது.

அந்தக் காலத்து பிஎஸ்டி (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் வெளியிட்ட யூனிக்ஸ்) மூலத்தோடு வரும் ரீட்மி ஃபைல் வம்சாவளியை இன்னும் வெளிப்படையாகச் சொல்லும். இல்லினாயில் எழுதப்பட்டு, பிடிபி-11 என்ற பழைய கணினியின் யூனிக்ஸுக்கான ஒரு டேப்பில் ஊர் ஊராகப் போய், கார்னகி மெலனில் ஜேம்ஸ் காஸ்லிங் கையில் சிக்கி மாற்றங்கள் கண்டு, பிறகு சன் ஆட்கள் சேர்த்தவற்றையும் வாங்கிக்கொண்டது. ஆமாம், பின்னாளில் ஜாவாவை உருவாக்கிய அதே காஸ்லிங். 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டியில் இன்டென்ட் ஒரு கட்டளையாகவே சேர்ந்துவிட்டது. இதே காஸ்லிங் எழுதிய ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டர், யூனிபிரஸ் என்ற கம்பெனிக்கு விற்கப்பட்டதால் குனுவைத் தொடங்கிய ஸ்டால்மேன் தன் குனு ஈமேக்ஸிலிருந்து அந்த கோடை 1985-ல் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. இன்டென்ட்டுக்கு அந்தத் தலைவிதி வரவில்லை, காரணம் அது பெர்க்லி வழியாக, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற அனுமதியோடு வந்தது.

அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. இதைப் பகிரும்போது தரும் ஆவணங்களிலும் விளம்பரங்களிலும், பெர்க்லி, இல்லினாய், சன் மூவரும் உருவாக்கியது என்று குறிப்பிட வேண்டும். இந்த வகை விளம்பர நிபந்தனை ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது என்பது அறக்கட்டளையே சொல்வது. பிஎஸ்டி வழிவந்த நெட்பிஎஸ்டியின் 1997 வெளியீடு ஒன்றில் இப்படிப்பட்ட நன்றி வாசகங்களை ஸ்டால்மேன் எண்ணிப் பார்த்தார், 75 இருந்தன. ஒரு விளம்பரத்தில் 75 பெயரைப் போட யாரால் முடியும்? கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1999-ல் தன் நிபந்தனையைக் கைவிட்டது, அது நல்ல முடிவு. ஆனால் அண்ணன் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் தம்பிகளின் பங்கு போய்விடாது. இல்லினாயின் பங்குக்கும், 2010-ல் ஆரக்கிள் வசம் போன சன்னின் பங்குக்கும் பெர்க்லி கையெழுத்துப் போட முடியாது.

இதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். அது வேறு, அந்தப் பெயர்களை அழிப்பது வேறு. ஒரு கம்பெனியின் உள் கோடு சேமிப்பகத்தில் இன்டென்ட்டின் பழைய பிரதி ஒன்றைப் பார்த்தேன். மேலே இருந்த கமென்ட் முழுக்க வழித்து எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் கம்பெனியின் பெயரும் அனைத்து உரிமைகளும் தங்களுக்கே என்ற வாசகமும். கீழே கோடு அப்படியே இருக்கிறது, வேரியபிள்களின் பெயர்கூட மாறவில்லை. எடுத்துக்கொள்ளத் தாராளமாக அனுமதி கொடுத்துவிட்டு, காப்புரிமை அறிவிப்பை மட்டும் விட்டு வையுங்கள் என்று கேட்டார்கள், அதையும் செய்யவில்லை. பார்த்தபோது வயிறு எரிந்தது.

முறையாகச் செய்ய முடியும் என்பதற்கு, இன்டென்ட் மாதிரியே கோடை அடுக்கும் புதிய டூலான கிளாங்-ஃபார்மேட்டின் தாய்த் திட்டம், எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம், ஒரு சாட்சி. அதுவும் இல்லினாயில்தான், 2000-ல் தொடங்கியது; அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே உள்ள லைசென்ஸில்தான் வெகுகாலம் இருந்தது. 2019-ல் அப்பாச்சி 2.0-வுக்கு, சில விதிவிலக்குகளோடு, மாறினார்கள். அதற்காகப் பங்களித்தவர்களைத் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்கினார்கள். தலைவலி பிடித்த வேலை, ஆனாலும் செய்தார்கள். ஆடிட் ஷீட்டில் கிளாங்-ஃபார்மேட்டுக்குக் கேள்வியே வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் டீமில் சிலர் இன்டென்ட்டை விட்டுவிட்டு அதற்கே மாறிவிடலாம் என்கிறார்கள். புது ப்ராஜெக்ட்டுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். பழைய கோடில் கை வைக்கும்போது மட்டும் யோசிக்க வேண்டும். சென்சார் அளவுகளுக்கான பெரிய அட்டவணைகளை நெடுவரிசை பார்த்து அடுக்கி, ஃபார்மேட்டர் தொடாமலிருக்க மேலும் கீழும் இன்டென்ட்-ஆஃப், இன்டென்ட்-ஆன் என்று கமென்ட் போட்டு வைத்திருப்பார்கள். கிளாங்-ஃபார்மேட் அந்த கமென்ட்டை மதிக்காது, அதற்கு வேறு கமென்ட் வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் அட்டவணை கலைந்துபோய், ரிவ்யூவில் எந்த எண் மாறியது எந்த எண் நகர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அப்புறம் ஷீட்டுக்கு வருகிறேன். உங்கள் மெஷினிலோ பில்ட் சர்வரிலோ இன்டென்ட்டை ஓட்டுவது மட்டும்தான் என்றால் கவலையே வேண்டாம். பில்ட் சூழலை, டூல்கள் எல்லாம் உள்ளே வைத்த டாக்கர் இமேஜ் என்ற ஒரே பொட்டலமாகக் கட்டி கிளையன்ட்டுக்கு அனுப்பினால் அது விநியோகம், அப்போது இன்டென்ட்டின் சோர்ஸையும் லைசென்ஸையும் சேர்த்துக் கொடுக்கும் கடமை உங்களுடையது. நான் அந்த வரியில் ஜிபிஎல் என்று எழுதி, குறிப்புக்கான கட்டத்தில் இல்லினாய், பெர்க்லி, சன் மூன்று பெயரையும் வருடத்தோடு சேர்த்து எழுதுகிறேன். கிளையன்ட்டின் சட்டப் பிரிவு அதற்கு எந்த ஆட்சேபமும் சொன்னதில்லை.