அருமனையிலிருந்து தபோராவுக்கு

பயிற்சி முடிந்துவிட்டது. ஸ்வாஹிலி மொழித் தேர்வு, முதலுதவி வகுப்பு எல்லாம் தாண்டி, இனி நான் முறையான தன்னார்வலர். போகும் இடம் தான்சானியாவின் தபோரா. அங்குள்ள தேனீ வளர்ப்பாளர்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாட்டுக்குப் படியும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அதற்கான அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாயிற்று.

"தேனீ வளர்க்க அருமனையில் இடமில்லையா மக்களே, ஆப்பிரிக்காவுக்கா போக வேண்டும்?" என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

கன்னியாகுமரி மாவட்டத்து அருமனையில், எங்கள் ஊர்த் தேன் தொழிலே கடல் கடந்து வந்த ஒருவரின் உழைப்பிலும் வளர்ந்தது. அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் 1920-களில் பக்கத்து மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். அங்கே கற்றுத்தந்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. பொந்தில் கைவிட்டு அடையைப் பிழிந்துகொண்டிருந்தவர்கள், பெட்டியில் வளர்த்து, அடை சிதையாமல், அது கட்டப்பட்ட மரச்சட்டத்தைச் சுழற்றித் தேன் எடுக்கப் பழகினார்கள். அந்த மையத்தில் படித்த ஒருவரிடம்தான் என் தாத்தா தொழில் கற்றார்.

எனக்குக் கற்றுத்தந்தவர் தாத்தா. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில், விடிந்ததும் தோட்டத்துக்கு அழைத்துப் போவார். ரப்பர் தேன் பூவில் சுரப்பதில்லை. இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் சுரக்கிறது. இளந்துளிரை வளைத்து அந்த ஈரத்தை என் விரலில் தொட்டு வைப்பார். பெட்டியைத் திறந்தால், "மூச்சை அந்தப் பக்கம் விடு, அடைமேல் படக் கூடாது" என்பார். ராணி இருக்கும் சட்டத்தை அவர் தூக்கும்போது ஒரு தேனீகூடச் சிறகடித்து எழாது. அந்தக் கை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

1991-92இல் தாய்லாந்து சாக் புரூட் என்ற, தேனீப் புழுக்களைத் தாக்கும் நோய் வந்தது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்ப்பையாகிச் செத்தன. தென்னிந்தியாவில் பெரும்பாலான இந்தியத் தேனீக் கூட்டங்கள் அழிந்தன. எங்கள் வீட்டில் காலிப் பெட்டிகள்தான் மிஞ்சின. தாத்தா தொழிலை விடவில்லை. நோய்க்குத் தப்பிய கூட்டம் எங்கே இருக்கிறது என்று தேடி அலைந்து, பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். என்னைப் பொறுத்தவரை தொண்டு என்பதற்கு அவரே முன்மாதிரி: கேட்டு வந்த எவரையும் கூட்டம் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

தபோராவின் தேனீ வேறு. எங்கள் தேனீயைவிடப் பெரியது, சட்டென்று சீறக்கூடியது, தொந்தரவு மிகுந்தால் கூட்டைவிட்டே போய்விடும். மியோம்போ எனப்படும் அங்குள்ள வறண்ட காடுகளில் குடைந்த மரத்துண்டையும் உரித்த மரப்பட்டையையும் கூடாக்கி, உயரக் கிளைகளில் தொங்கவிடுகிறார்கள். நியூட்டன் பெட்டி என்று நாம் இங்கே பயன்படுத்தும் தேனீப் பெட்டி நம் சிறிய தேனீக்கு அளவெடுத்தது. அதை அங்கே கொண்டுபோய் இறக்குவது அறிவீனம். வந்து இறங்கியதும் பெட்டி விநியோகித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் திட்டங்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. அந்தப் பெட்டிகள் பழுதானால் ஊரில் யாருக்கும் சரிசெய்யத் தெரியாது.

எனவே முதல் பருவம் முழுக்க, அங்குள்ள பெரியவர்களின் பின்னால் நடப்பதாக முடிவு செய்திருக்கிறேன். வயதில் மூத்தவரைக் கண்டால் "ஷிகமூ" என்று வணங்கிவிட்டு, எந்த மரம் எப்போது பூக்கும், எந்தக் கிளையில் கூட்டம் வந்து அமரும் என்று கேட்பேன். அதற்குப் பிறகு தேனைச் சுத்தமாக வடிகட்டவும், ஈரம் குறையும்வரை காத்திருந்து எடுக்கவும், மெழுகை வீணாக்காமல் உருக்கவும் எனக்குத் தெரிந்ததைக் காட்டுவேன்.

பெரியம்மா முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. "அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்?" என்றார். மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அங்கேயும் உண்டு என்றதும் முகம் சற்றுத் தெளிந்தது.

வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம். அதற்குள் தம்பிக்குக் கூட்டம் பிரிக்கக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.