ஹேண்டிகேப்: குதிரை வரைந்து படித்த சொல்

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாதிரித் தேர்வில் குதிரைப் பந்தயம் பற்றிய பத்தி வந்தது. ‘ஹேண்டிகேப்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுப் பொருள் கேட்டிருந்தார்கள். தெரிந்த சொல்தானே என்று ‘உடல் குறைபாடு’ என்று பொருள்படும் விடையைத் தட்டிவிட்டேன். தவறு. கூடவே கால் மதிப்பெண்ணும் போனது.

ராத்திரி அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பந்தயத்தில் ஹேண்டிகேப் என்பது கெட்டிக்காரக் குதிரைக்கு ஏற்றும் கூடுதல் சுமை. ஓட்டுபவரின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடுகளைச் சேர்ப்பார்கள். அப்போதுதான் சுமாரான குதிரைக்கும் வாய்ப்பு இருக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பை இந்த வகைப் பந்தயம்தான். 1930-இல் ஃபார் லாப் என்ற குதிரை சுமார் 62.5 கிலோ சுமந்து அதை வென்றது. மறு ஆண்டு 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது, பாவம். நான் பொருளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

தொப்பியை நீட்டிப் பிச்சை எடுத்ததிலிருந்து வந்த சொல் என்று சிலர் சொல்லித்தருவார்கள். நம்பாதீர்கள். தொப்பிக்குள் கைவிட்டுப் பொருள்களை மாற்றிக்கொள்ளும் ஒரு பழைய விளையாட்டின் பெயர் அது. 1660-இலேயே சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேயர் தன் நாட்குறிப்பில் அதை எழுதியிருக்கிறார். பண்டங்களின் மதிப்பை ஈடுகட்ட ஒரு நடுவர் இருப்பார். அந்த ஈடுகட்டும் வேலைதான் பிறகு குதிரைகளுக்கு வந்தது. உடல் குறைபாடு என்ற பொருள் ரொம்பப் பின்னால் ஒட்டிக்கொண்டது. இன்று மனிதர்களைக் குறிக்க அதை எழுதுவது மரியாதை இல்லை. கட்டுரைத் தாளில் ‘டிஸெபிலிட்டி’ என்றே எழுதுங்கள்.

அப்புறம், அதே அர்த்தக் கூட்டத்தில் வந்து குழப்பும் சொற்களுக்காக நோட்டில் ஒரு குதிரை வரைந்தேன். ஆடு மாதிரிதான் வந்தது, பரவாயில்லை. முதுகில் மூட்டை: ஹேண்டிகேப். காலில் கட்டு: இம்பெடிமென்ட். லத்தீனில் அதன் வேர் பாதம்தான்; திக்குவாயை ‘ஸ்பீச் இம்பெடிமென்ட்’ என்று சொல்லும்போது நாக்கில் கட்டு விழுந்ததாக நினைத்துக்கொண்டால் மறக்காது. வழியை மறித்து நிற்கும் பாறை: ஆப்ஸ்டகிள். தாண்டிப் போக வேண்டிய வேலி: ஹர்டில். வாலைப் பிடித்துப் பின்னால் இழுப்பது: ஹிண்ட்ரன்ஸ். கோடிட்ட இடத்தில் எதை நிரப்புவது என்று தடுமாறும்போது, அந்த வாக்கியத்தில் தடை முதுகிலா, காலிலா, முன்னாலா, பின்னாலா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இரண்டு விடைகள் உடனே கழன்றுவிடும்.

கோல்ஃப் மட்டும் இந்தப் படத்துக்குள் அடங்கவில்லை. அங்கே நன்றாக ஆடுபவர் மேல் சுமை ஏற்றுவதில்லை. குறைந்த அடிகளில் முடிப்பவர்தான் வெல்வார் என்பதால், திறமை குறைந்தவரின் அடிகளின் எண்ணிக்கையிலிருந்து சிலவற்றைக் கழித்துவிடுகிறார்கள். அந்தச் சலுகைக்கும் பெயர் ஹேண்டிகேப்தான். அதனால் அங்கே எண் பெரிதாக இருந்தால் ஆட்டக்காரர் சுமார் என்று அர்த்தம். நோட்டின் ஓரத்தில், குதிரையின் வாலுக்குப் பக்கத்தில், இதைத் தனியாகப் பென்சிலில் எழுதி வைத்தேன்.