பிரசவ வலி: எனக்கு உதவியது ஒளிவுமறைவு இல்லாத பேச்சுதான்

கர்ப்பமாக இருந்தபோது, வலி எப்படி இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: "குழந்தை முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துடும்." அன்பாகச் சொன்னதுதான். ஆனால் நான் கேட்டது பிறகு மறக்குமா என்று அல்ல, அந்த நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று.

பெரியம்மா மகள் அக்காதான் மனம் விட்டுப் பேசினார். "எங்க வலிச்சுது, எவ்ளோ நேரம், நடுவுல விட்டுச்சா, இப்படிக் கேளு. அப்பத்தான் சரியா சொல்வாங்க" என்றார். அவருக்கு வலி முழுக்க முதுகில். குழந்தையின் பின்தலை தாயின் முதுகெலும்பை அழுத்தியபடி இருந்தால் அப்படி வருமாம்.

எனக்கு அடிமுதுகில் தொடங்கி முன்வயிற்றுக்குச் சுற்றி வந்தது. மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போல. நடுவில் சுத்தமாக வலியே இல்லை! அந்த இடைவெளி உண்டு என்று அக்கா சொல்லியிருக்காவிட்டால், அடுத்த வலியை நினைத்தே அதையும் வீணாக்கியிருப்பேன்.

கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். நான் நான்கிலேயே வெகுநேரம் நின்றேன். எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று அழுகை வந்தது. 5 சென்டிமீட்டர் வரை மெதுவாகப் போவது சகஜம், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் சொல்லியிருக்கிறது. இதைப் பக்கத்தில் இருந்த நர்ஸ் பொறுமையாக விளக்கினார். வலி குறையவில்லை, பயம் குறைந்தது.

அப்புறம் கருப்பையை வேகமாகச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்பில் போட்டார்கள். வலி கூடியது, இடைவெளி சுருங்கியது. எபிடியூரல் கேட்டேன், அதாவது முதுகெலும்புப் பக்கம் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே வலியை மட்டுப்படுத்துவது. முதுகை வளைத்து, வலி வரும்போதும் அசையாமல் உட்கார வேண்டும், அதுதான் சிரமம். ஊசியை எடுத்துவிட்டு மெல்லிய குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். கூர்மை போய் அழுத்தம் மட்டும் தெரிந்தது. கால்கள் கனத்தன. "கொஞ்சம் தாங்கியிருக்கலாமே" என்று பின்னால் ஒருவர் சொன்னது இன்றும் கோபம் தருகிறது. 1853-இல் விக்டோரியா மகாராணி எட்டாவது பிரசவத்துக்கு ஜான் ஸ்னோ என்ற மருத்துவரிடம் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். வலி குறைய மருந்து கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

முக்கும் நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்திருந்தது. உடம்பு கட்டுக்கடங்காமல் நடுங்கியது, வாந்தி வந்தது. மலம் கழிக்க வேண்டும் போலவே இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் வந்தும்விடும். நர்ஸ்கள் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இதை வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. பல பெண்கள் அதற்குப் பயந்தே முக்கத் தயங்குகிறார்கள். தலை வெளிவரும்போது சுற்றிலும் தீயாய் எரியும்.

பிறகு வருவதைப் பற்றி அக்காகூட அதிகம் சொல்லவில்லை. பால் கொடுக்கும்போதெல்லாம் கருப்பை சுருங்கி வயிறு இழுத்துப் பிடிக்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் இது கூடுதலாக இருக்கும். தையல் போட்ட இடத்தில் முதல்முறை சிறுநீர் படும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே கழித்தால் எரிச்சல் குறையும்.

எனக்கு எதுவும் மறக்கவில்லை. குழந்தையின் மேல் பாசம் பொங்குகிறது, வலியும் நினைவிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

இப்போது என் தங்கை கர்ப்பமாக இருக்கிறாள். அவள் கேட்பதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்கிறேன். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கவும் சொல்லியிருக்கிறேன்: நள்ளிரவில் வலி வந்தாலும் எபிடியூரல் கிடைக்குமா? அது முடியாவிட்டால் வேறு என்ன கொடுப்பீர்கள்? நான் விரும்பும் ஒருவர் கடைசிவரை என்னுடன் இருக்கலாமா?