எலும்பு வெளியே தெரிந்தால்: அவசரப் பிரிவு நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

இரவு ஒன்பது மணிவாக்கில் 108 வண்டியில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டிராக்டர் மோதி பைக்கோடு வாய்க்காலில் விழுந்திருக்கிறார். இடது முழங்காலுக்குக் கீழே தோல் பிய்ந்து எலும்பு முனை தெரிந்தது. புண்ணுக்குள் சேறு, வைக்கோல் துணுக்கு. போதாததற்கு யாரோ காபித்தூளை வேறு அப்பியிருந்தார்கள்.

வார்டில் எல்லார் கண்ணும் அந்தக் காலுக்கே போனது. ரத்தம் பீறிட்டால்தான் முதலில் காலைப் பிடிக்க வேண்டும். இவருக்குக் கசிவுதான், துணி வைத்து அழுத்தியதும் அடங்கியது. மூச்சு, நெஞ்சு, வயிறு, இடுப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் காலுக்கு வந்தோம்.

பாதம் வெளுத்துச் சில்லென்றிருந்தது. நாடி தட்டுப்படவில்லை. வலிக்கு ஊசி போட்டு, மெல்ல இழுத்து நேராக்கி ஸ்பிளிண்ட் வைத்துக் கட்டினோம். கொஞ்ச நேரத்தில் விரல்கள் சிவந்தன, பாதத்தின் மேல் நாடியும் லேசாகத் துடித்தது. கோணிக் கிடந்த எலும்புதான் ரத்தக் குழாயை நெரித்திருக்கிறது. நேராக்கியும் நாடி வராவிட்டால் உடனே ரத்தக் குழாய் சர்ஜனைக் கூப்பிட்டிருப்போம். ரத்தம் போகாத தசை ஆறு மணி நேரத்துக்கு மேல் பிழைப்பது கடினம்.

புண்ணை ஒரு போட்டோ எடுத்து, சலைனில் நனைத்த துணியால் மூடினோம். தியேட்டர் வரை யாரும் திறக்கக் கூடாது. வருகிறவர் எல்லாம் கட்டைப் பிரித்துப் பார்ப்பது கிருமிக்குக் கதவு திறந்துவிடுவது. அதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். செஃபசோலின், ஜென்டாமைசின், வயல் சேறு என்பதால் மெட்ரோனிடசோல், கூடவே டெட்டனஸ் வராமலிருக்க டி.டி. ஊசி. ஆன்டிபயாடிக் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏறியாக வேண்டும்.

“காலை எடுத்துருவீங்களா தாயி?” என்று அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காப்பாத்தத்தான் பார்க்கிறோம்மா. உள்ளே பார்த்துட்டு நானே வந்து சொல்றேன்.”

ஜூன் 4, புதன்

ஆறு மணி நேரத்துக்குள் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று முன்பு கண்டிப்பாகச் சொல்வார்கள். இப்போது 24 மணி நேரத்துக்குள், அனுபவமுள்ள கையால் என்கிறார்கள். ஆனால் வயல் சேறு காத்திருக்காது. இரவே தியேட்டருக்குப் போனோம். தசையைக் கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செத்ததை எடுத்தார்கள். ஒன்பது லிட்டர் சலைன். அப்புறம் வெளியே கம்பி மாட்டி எலும்பை அசையாமல் நிறுத்தினார்கள்.

எலும்பு வெளியே தெரியும் முறிவுகளைத் தரம் பிரிக்கும் குஸ்டிலோ வகைப்பாட்டில் இது 3பி, அதாவது எலும்பை மூட அங்கேயுள்ள தோலும் தசையும் போதாத காயம். அந்த ஒரே பெட்டிக்குள் எளிதில் பிழைக்கும் காலும் உண்டு, பிழைக்கவே முடியாத காலும் உண்டு. அதனால் கோவை கங்கா மருத்துவமனையிலிருந்து 2006-ல் வெளியான மதிப்பெண் முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை. வயல் அழுக்கு, ரத்த அழுத்தம் விழுவது போன்றவற்றுக்கு இரண்டிரண்டு. 14 வரை காலைக் காப்பாற்றலாம். 17-ஓ அதற்கு மேலோ வந்தால் எடுப்பதே நல்லது. இடையில் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். இவருக்கு 11. அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

மரத்திலிருந்து விழுந்த சிறுவன். முன்கையில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கமான நாட்டுக்கட்டு. விரலை லேசாக நீட்டியதும் அலறினான். உள்ளே தசை வீங்கி அழுத்தம் ஏறியதன் அடையாளம் அது. நாடி இருந்தது, அதை நம்பி விட்டால் கை போய்விடும். கட்டு முழுவதையும் தோல் தெரியும் வரை வெட்டியும் வலி குறையவில்லை. உடனே தியேட்டரில் தசையுறையைத் திறந்து அழுத்தத்தை இறக்கினார்கள்.

ஜூன் 7, சனி

வாய்க்காலில் விழுந்தவருக்கு நேற்று பிளாஸ்டிக் சர்ஜன் தசையைத் திருப்பி எலும்பை மூடிவிட்டார். தைத்த இடம் கதகதப்பாக, நல்ல நிறத்தில் இருக்கிறது. எப்போது வயலுக்குப் போகலாம் என்று கேட்கிறார். மாதக் கணக்கில் ஆகும், பீடியை விட்டால்தான் எலும்பு ஒழுங்காகக் கூடும் என்று சொல்லியிருக்கிறேன்.